வெள்ளிக்கிழமைக் கோடு

“மேடம், சரக்கு வரவுப் படத்துல வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தனியா ஒரு கோடு போகுது. எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடலாமா?”

போன வாரம் ஆம்பூரிலிருந்து வந்த தொலைபேசி இது. நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் புது மென்பொருள் போடுகிறார்களாம். அதற்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கும் அருண் என்பவர், பழைய ஃப்ளோசார்ட்டின் மூலையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, யார் யாரையோ விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த ‘எடுத்துடலாமா’ என்னைச் சுருக்கென்று தைத்தது. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. சட்டென்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான். என் வாயைப் பற்றி எனக்கே தெரியும்.

நான் குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பெண். லுங்கிக்குக் கட்டம் போட வீட்டில் கிராஃப் தாள் எப்போதும் கிடக்கும். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் முடித்து, எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர் தோல் ஷாப்பில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். தோல் ஷாப் என்றால் கடை இல்லை, தோல் பதனிடும் தொழிற்சாலை. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முதல் சில மாதம் அந்த வாடையில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கணக்குப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண், அதனால் எந்தத் தாளை நீட்டினாலும் ‘டைப் பண்ணும்மா’ என்பார்கள். என்னை அதிலிருந்து மீட்டது வரதராஜன் சார்.

அவர் சென்னை தலைமை அலுவலகத்தில் உள்தணிக்கை அதிகாரி. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கியதும் பாங்கிலும் ஆடிட்டரிடமும் ‘உங்கள் கணக்கு முறை என்ன, எழுத்தில் காட்டுங்கள்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். பக்கம் பக்கமாக எழுதினால் யார் படிப்பது? அதனால் படமாக வரைந்துவிடுவது என்று முடிவானது. ஒரு சீட்டு எங்கே பிறக்கிறது, எத்தனை நகல், எந்த நகல் யாரிடம் போகிறது, எங்கே கோப்பில் தூங்குகிறது என்று எல்லாமே கட்டமும் கோடுமாக. நேராகக் கோடு போடத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

ஒல்லியான மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் ஒரு பிளேடு. பென்சிலைச் சீவிக்கொண்டேதான் கேள்வி கேட்பார். அதிலும் பெரும்பாலும் ஒரே கேள்வி, “அப்புறம்?” கேட் கிளார்க் ஏதாவது சொல்வார். “அப்புறம்?” அவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். “அப்புறம்?” கடைசியில் அந்த மனிதர் தான் செய்வதை மட்டுமல்ல, செய்யாமல் விடுவதையும் சேர்த்துச் சொல்லி முடித்து வியர்த்து உட்கார்ந்திருப்பார். கோபமே படமாட்டார் சார். அதுதான் எல்லோருக்கும் பயம்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. கட்டத்துக்குள் ஆள் பெயர் எழுதக் கூடாது, வேலையை எழுத வேண்டும். “ஆள் மாறுவான். வேலை மாறாது.” சரக்கு நகர்ந்தால் முழுக்கோடு. சேதி மட்டும் நகர்ந்தால் புள்ளிக்கோடு. முதலில் பென்சிலில்தான் வரைய வேண்டும். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சரக்கின் பின்னாலேயே காலால் நடந்து பார்த்துவிட்டு வந்தால்தான் மை. நான் ஒருமுறை சோம்பல்பட்டு நடக்காமலே மை போட்டுக் கொண்டுபோனேன். தாளை வாங்கி, என் செருப்பைக் குனிந்து பார்த்தார். “செருப்புல சுண்ணாம்பே இல்லையேம்மா,” என்றார். தொட்டிப் பக்கம் நடந்தால் செருப்பில் சுண்ணாம்பு ஒட்டாமல் இருக்காது. அவ்வளவுதான். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அவர் திங்கள்கிழமை ரயிலில் வருவார், வியாழன் சாயங்காலம் ரயிலில் போய்விடுவார். வெள்ளிக்கிழமை எங்கள் தோல் ஷாப்புக்கு வார விடுமுறை. இந்த வட்டாரத்தில் பல இடங்களில் அப்படித்தான். ஆனால் எங்கள் கம்பெனியில் அது விடுமுறைக்கும் மேலே. பெரிய முதலாளியின் அத்தா கண்ணை மூடுவதற்கு முன், வெள்ளிக்கிழமை கேட்டைத் திறக்கக் கூடாது என்று மகனிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கை மீறிய ஒரு மேஸ்திரியை முதலாளி அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிய கதை ஊருக்கே தெரியும்.

சரக்கு வரவுப் படத்தை நாங்கள் முடித்து, வரதராஜன் சார் கையெழுத்துப் போட்டுச் சென்னைக்கும் போய்விட்டது. லாரி வரும். கேட்டில் தோல் கட்டுகளை மட்டும் எண்ணி நோட்டில் ஏற்றுவார்கள். ஷெட்டில் கட்டைப் பிரித்துத் தோல் தோலாக எண்ணி வரவுச் சீட்டு போடுவார்கள். ஊறல் தொட்டியில் ஊறும். அங்கிருந்து சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகும்போது வேறொரு மேஸ்திரி மறுபடி எண்ணுவார். படத்தில் எல்லா இடத்திலும் இரண்டு கை, இரண்டு கையெழுத்து. ஷெட்டிலிருந்து ஊறல் தொட்டி வரை மட்டும் ஒரே கை. அந்தக் கை கவுஸ் பாயுடையது.

கவுஸ் பாய் ஷெட் கீப்பர். வாணியம்பாடிக்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது, “இன்னாம்மா, இதுக்கே பேஜாரானா எப்படி? இது பணத்தோட வாசனைம்மா,” என்று சிரித்தவர்.

அந்தக் கோடைக்காலத்தில் தோல் குறைய ஆரம்பித்தது. வரவுச் சீட்டில் இருந்த எண்ணிக்கை சுண்ணாம்புத் தொட்டிக்கு வரவில்லை. ஒரு தடவை என்றால் எண்ணும்போது பிசகு என்று விட்டிருப்பார்கள். திரும்பத் திரும்பக் குறைந்தது. வரதராஜன் சார் படத்தை மேசையில் விரித்து, பென்சில் முனையால் அந்த ஒரே இடத்தைத் தொட்டார். “மத்த இடத்துல ரெண்டு பேர் சேர்ந்தாதான் திருட முடியும். இங்க ஒருத்தர் போதும்.”

கவுஸ் பாயைக் கூப்பிட்டுக் கேட்டார். “அப்புறம்?” என்றார். பாய் வாயே திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் ‘அப்புறம்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்தேன். அது அவருக்கு எதிராகவே போய்விட்டது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பெரிய முதலாளி முன் விசாரணை என்றும், அதன் பிறகு போலீஸ் என்றும் முடிவானது. புகாரை டைப் செய்தது நான்தான். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் திருடன் என்று அனுப்பப்பட்டவனை இன்னொரு தோல் ஷாப் வாட்ச்மேன் கேட்டுக்குள்ளே விடமாட்டான். இங்கே இல்லையென்றால் பேரணாம்பட்டு, அங்கே இல்லையென்றால் ராணிப்பேட்டை என்று போக முடியாது. சேதி லாரியோடு போய்விடும். அந்தத் தாளை மெஷினிலிருந்து உருவிக் கையெழுத்துக்கு வைத்தேன். என் படம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது என்பது ஒரு பக்கம். அவர் ஏன் பேசவில்லை என்பது இன்னொரு பக்கம் அரித்தது.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை காலை, சும்மா இருக்க முடியாமல் படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தேன். கேட் நோட்டில் அன்று காலையில் ஒரு லாரி ஏறியிருந்தது. ஷெட்டில் வரவுச் சீட்டு போட்டாகிவிட்டது. ஊறல் தொட்டிக்குப் போனேன். தொட்டிக்காரர் மாரி ஒரு ஆட்டுத் தோலைத் தூக்கி மறுபக்கம் போட்டார். அது துணி மாதிரித் தொங்கியது.

உப்புப் போட்டு வரும் தோல் விறைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு ராத்திரியாவது ஊறினால்தான் தொங்கும். இது இன்று காலையில் வந்த தோலாம். குனிந்து தொட்டுப் பார்த்தேன். கொழகொழவென்று இருந்தது.

“மாரிண்ணே, இது எப்போ போட்டது?”

“நேத்துதான்...” என்றவர் வாயை மூடிக்கொண்டார். தோலைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

“நேத்து வெள்ளிக்கிழமையாச்சே?”

“எனக்கு இன்னாம்மா தெரியும், போய் வேலையப் பாரும்மா,” என்று திரும்பிக்கொண்டார்.

நான் பார்த்ததெல்லாம் ஆறு நாள். வரதராஜன் சார் பார்த்தது அதிலும் ஒரு பகுதிதான். ஏழாவது நாளை யாரும் பார்க்கவில்லை. அது பூட்டிக் கிடக்கும் நாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் நம்பிவிட்டோம். நேராக ஷெட்டுக்குப் போனேன். கவுஸ் பாய் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“பாய், வெள்ளிக்கிழமை லாரி வருதா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் வந்துவிட்டது. எழுந்து கதவை ஒருக்களித்துவிட்டு வந்தார்.

“ஆந்திராலேர்ந்து கெளம்பற லாரிக்கு வெள்ளி சனி தெரியுமாம்மா? இந்த வெயில்ல வெளிய நிறுத்தினா தோலு அழுவிப் போய்டும். முடி கையோட வந்துடும். ஆத்துப் பக்கம் பின் கேட்டு இருக்குல்ல, அது வழியா உள்ள விட்டு நேரா தொட்டில போட்டுடுவோம். அழுவினத ஆத்து மணல்ல பொதச்சிடுவோம். ஜும்மா தொழுகைக்கு முன்னாடி முடிஞ்சிடும். கேட் நோட்டு, சீட்டு எல்லாம் சனிக்கிழம காலைல.”

“எண்ணறது?”

“வெள்ளிக்கிழம எங்கம்மா நின்னு எண்றது? தோலு அனுப்பின பார்ட்டி சீட்டுல இன்னா இருக்கோ அதப் போடறேன்.”

“அழுகினதைக் கழிச்சுப் போட்டிருக்கலாமே!”

“கழிச்சா பார்ட்டி சண்டைக்கு வருவான். எப்போ எறக்கினே, யார் பார்த்தான்னு கேப்பான். வெள்ளிக்கிழமன்னு சொல்லணும்.” மெல்லச் சொன்னார். “மொதலாளி அவங்க அத்தாக்குக் குடுத்த வாக்கும்மா அது. நாங்க தோலக் காப்பாத்தறோம்னு அந்த வாக்க ஒடச்சிட்டோம்.”

“பாய், செவ்வாய்க்கிழமை உங்களைத் திருடன்னு சொல்லப் போறாங்க.”

“சொல்லட்டும். நான் ஒருத்தன் போறேன். இத நீ கோடு போட்டுக் காட்டினா வாட்ச்மேன், மாரி, தொட்டில எறங்கற அத்தன பேரும் போவாங்க. மொதலாளி மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்? போடாதம்மா. உன்ன கேட்டுக்கறேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. தன் தலையைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிற இந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா? “நான் ஒன்னும் சத்தியம் பண்ண மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின் கேட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். பாலாற்று மணலில் புதிதாகத் தோண்டி மூடிய மேடுகள். ஒரு மேட்டை நாய் பிராண்டிக்கொண்டிருந்தது. குடலைப் புரட்டும் நாற்றம். குறைந்த தோல்கள் எங்கே போயின என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

திங்கள்கிழமை வரதராஜன் சார் வந்ததும் சொன்னேன். பென்சில் சீவுவது நின்றது. அவர் கையெழுத்துப் போட்டுச் சென்னைக்கு அனுப்பிய படம் அது. அவர் அப்படித் திகைத்து நான் பார்த்ததே இல்லை.

“லாரி வந்ததை நீ பாத்தியா?”

“தோலைத் தொட்டுப் பாத்தேன் சார். மணலைப் பாத்தேன்.”

“லாரியைப் பாத்தியான்னு கேட்டேன்.”

“இல்ல சார். பாய் சொன்னார்.”

பழைய படத்தை விரித்துத் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இதை அமுக்கிவிடுவார் என்றே நினைத்தேன். அமுக்கினால் என்ன செய்வது என்று மனதுக்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் புதுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். “பின் கேட்டுலேர்ந்து தொட்டிக்குப் போடு. ஆனா புள்ளிக்கோடு. நம்ம கையில இருக்கறது சேதிதான்.” எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டேன். கட்டங்களுக்குள் வாட்ச்மேன் என்றோ மாரி என்றோ எழுதவில்லை. ‘கதவு திறத்தல்’, ‘இறக்குதல்’, ‘கழித்தல்’ என்று மட்டும் எழுதினேன். சாரின் பழைய பிடிவாதம் அன்றுதான் எனக்கு இனித்தது.

செவ்வாய்க்கிழமை பெரிய முதலாளியின் அறை. மேசையில் பழைய படம், புதுப் படம், நான் டைப் செய்த புகார். கவுஸ் பாய் நின்றுகொண்டிருந்தார். புதுப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் அந்தப் பார்வை என்னை விடுவதில்லை.

முதலாளி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் அந்தப் புது இடத்தில் வந்து நின்றது.

“இது இன்னா, புள்ளி புள்ளியா?”

சார் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். “வெள்ளிக்கிழமை சார்.”

முதலாளி தலையைத் தூக்காமலே கேட்டார்.

“கவுஸ். நிஜமா?”

“தோலு தாங்காது மொதலாளி.” பாய் தலை குனிந்தார். “மன்னிச்சிடுங்க.”

“யார் யார் இருந்தாங்க?”

“நான்தான்.”

“கேட்டு யார் திறந்தது?”

“நான்தான்.”

“லாரி எறக்கினது?”

“நான்தான் மொதலாளி.”

“ஒரு லாரி தோலு. ஒத்த ஆளா எறக்கினே?”

“ஆமா.”

முதலாளி அவரையே பார்த்தார். மேஸ்திரியை அனுப்பிய கதை எங்கள் எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி தாளைத் திருப்பி வரதராஜன் சார் பக்கம் நகர்த்தினார்.

“முழுக்கோட்டுக்கு இன்னா அர்த்தம், புள்ளிக்கு இன்னா அர்த்தம்?”

“சரக்கு போனா முழுக்கோடு சார். சேதி மட்டும் போனா புள்ளி.”

“இங்க போனது சரக்கா, சேதியா?”

வரதராஜன் சார் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். “சரக்குதான் சார்,” என்றார். “என் படம் தப்பு.”

முதலாளி சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். பின் கேட்டில் தொடங்கிய என் புள்ளிகளின் மேல் மெதுவாக, அழுத்தி, கோடு இழுத்தார். வயதான கை, கோணலாகத்தான் போனது. பாதியில் நிறுத்தி, பின் கேட்டை அடித்துவிட்டு, பெரிய கேட்டிலிருந்து இன்னொரு கோடு இழுத்துச் சேர்த்தார். அத்தாவுக்குக் கொடுத்த வாக்கை அந்த மனிதர் எங்கள் கண்ணெதிரே தன் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார்.

“சரக்கு பெரிய கேட்டு வழியா வரட்டும். எண்ணி எறக்குங்க. அழுவினதுக்குச் சீட்டு போடுங்க. ஜும்மாவுக்கு எல்லாரையும் விட்டுடணும்.” பேனாவை மூடினார். “அத்தாக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

புகார்த் தாளை வரதராஜன் சார் எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கவுஸ் பாய் சலாம் வைத்துவிட்டு வெளியே போனார். என்னைத் தாண்டித்தான் போனார், பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். பெரிய கேட்டின் முன் லாரி நின்றிருந்தது. வாட்ச்மேனிடமிருந்து சாவியை வாங்கி முதலாளியே பூட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு ஒதுங்கி லாரிக்கு வழி விட்டார். வரதராஜன் சார் அந்த வாரம் சென்னை போகவில்லை. வெள்ளைச் சட்டையோடு ஷெட் வாசலில் நின்று ஒவ்வொரு தோலையும் எண்ணினார். செருப்பில் சுண்ணாம்பு.

கவுஸ் பாய் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அவருடைய வேலை பிழைத்தது, பெயர் பிழைத்தது, தொட்டியில் ஒருவர் வேலையும் போகவில்லை. ஆனாலும் முதலாளியை வாக்கு மாறவைத்தவள் நான் என்பது அவர் மனதில் கிடந்தது. எனக்கும் அது வலிக்கத்தான் செய்தது. ஒரு மழைக்காலத்தில், அழுகல் சீட்டின் நகலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “இது எங்க போவணும்?” என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. எங்கே போக வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். நானும் தெரியாதவருக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னேன். “டீ சொல்லட்டா?” என்றார்.

அருணை நேற்று நானே கூப்பிட்டேன். கதையையெல்லாம் சொல்லவில்லை.

“தம்பி, அந்தக் கோட்டை வேண்டாம்னா எடுத்துடுங்க. எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை அங்க போய் நின்னு, லாரி எந்தப் பக்கமா வருதுன்னு கண்ணால பாத்துட்டு எடுங்க.”



“அது கஷ்டம் மேடம். வியாழக்கிழமை சாயங்கால ட்ரெய்ன்ல நாங்க எல்லாரும் சென்னை போய்டுவோம்.”